அப்பாவிடம் முதலில் கேட்க வேண்டியது

அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் அவருடைய மெஷினைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் கை ஓங்கமாட்டார் என்பது அம்மா கண்டுபிடித்த வழி. இன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பிட உட்காருகிறார். அக்கா சிரித்தபடி கேட்கிறாள்: "மெஷின் இன்னிக்கு எப்படிப்பா ஓடுச்சு?" தட்டு பறந்து சுவரில் மோதுகிறது. "வேலைய விட்டே துரத்திட்டானுங்க. நீ வேற கிண்டல் பண்றியா?" அக்காவின் பின்னல் அவர் முஷ்டியில் சுற்றியிருக்கிறது, தலை பின்னால் வளைய, பல்பு வெளிச்சம் அவள் தொண்டையில் பளபளக்கிறது. சுவரில் சாப்பாடு மெல்ல வழிகிறது. "விடுங்க, தெரியாம கேட்டுட்டா," என்று அம்மா கெஞ்சுகிறாள். முஷ்டி இன்னும் இறுகுகிறது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகுகிறாள். "வேலையத்தவனுக்கு ரோஷம் ஒரு கேடாடா?" பின்னலை உதறிவிட்டு அப்பா அம்மாவின் பக்கம் திரும்புகிறார். அவர் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்து, வாசலை நோக்கி அம்மா கண்ணைக் காட்டுகிறாள்.