முதல் பந்தியில் டம்மி

லேசர் டையோடுக்கு ஒரே பொருமல். மின்சாரத்தை அளந்து தரவேண்டிய புது டிரைவர் சர்க்யூட்டில், சோதனைக்காகச் சாதா டையோடுகளைக் கோத்துச் செய்த டம்மியைத்தான், லேசர் விளக்கு செய்துகொண்டிருந்த செல்வின் முதலில் பொருத்தினான்.

"வெளிச்சமே தராத உனக்கா முதல் பந்தி?" என்றது லேசர்.

"பொறு தம்பி. பரிமாறுற கை எப்படின்னு பார்த்துட்டுச் சொல்றேன்," என்றது டம்மி.

சுவிட்சைப் போட்டதும் டிரைவர் மின்சாரத்தை அள்ளிக் கொட்டியது. டம்மியில் ஒரு டையோடு படீரென்று கருகியது.

"ஐயோ அண்ணே!"

"எனக்கு ஒண்ணு போனா மாத்திக்கலாம். உனக்கு இருக்கிறதே ஒரு உயிர்தானே," என்றது டம்மி.

செல்வின் கருகியதை மாற்றி, டிரைவர் தரும் மின்சாரத்தைத் திருகிக் குறைத்து, டம்மியை வைத்தே மறுபடி சோதித்தான். அப்புறம்தான் லேசரின் முறை வந்தது.

முதல் வெளிச்சம் சுவரில் விழும் என்று செல்வின் பார்த்துக்கொண்டிருந்தான். லேசரோ தன்னைப் பிடித்திருந்த கிளிப்பிலேயே மெல்லத் திரும்பி, மேசையோரம் கிடந்த டம்மியின் புகை படிந்த நெற்றியில் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு வைத்தது.