கையெழுத்து தேவையில்லை

அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கார்டு கணக்கின் விதிமுறைகளை மாற்றி வங்கி கடிதம் அனுப்பியதிலிருந்து வாடிக்கையாளர் சேவைக் கூடத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகக் கடிதம். படித்துத் தலை சுற்றியவர்களெல்லாம் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் அழாத குறை.

அவர்களில் ஒரு அம்மா மட்டும் இந்த வாரம் தினமும் அழைத்தார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளிடம் மாட்டினார். சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னும் விளக்கமாகச் சொல்கிறவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவார். மதியச் சாப்பாட்டில் அந்த அம்மாவைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் மாட்ட மாட்டேங்கிறாங்களே என்று வேறு சொல்லியிருந்தாள்.

இன்று மாட்டிவிட்டார்.

போதாக்குறைக்கு, அவளுடைய அழைப்புகளை இன்று மேற்பார்வையாளர் கூடவே கேட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அதில் பயமில்லை. வரி பிசகாமல் பேசுகிறவள் என்று கூடத்தில் பெயர் வாங்கியவள்.

"என் கணக்குல ரெண்டாவதா ஒரு கார்டு இருக்கு. என் பொண்ணு பேர்ல வாங்கினது. அவ அதைத் தொட்டே பாக்கறதில்ல," என்றது குரல். "உங்க லெட்டர்படி அதை நிறுத்திடுவீங்களா?"

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமலே மூடினாள்.

நிறுத்திவிடுவார்கள். ஒரு வருடமாக உபயோகிக்காத கூடுதல் கார்டு இந்த மாதக் கடைசியோடு ரத்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இப்போது அதைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது.

"மாசக் கடைசிக்குள்ள அவங்க யூஸ் பண்ணலன்னா நின்னுடும்."

"எனக்குச் சம்மதம்னு நான் எழுதிக் குடுத்தா?"

"நீங்க குடுத்தா போதாது. கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்க ஒரு தடவை தேய்க்கணும். கையெழுத்தெல்லாம் வேணாம். தேய்ச்சாலே புது விதிமுறைய ஏத்துக்கிட்டாங்கன்னு எடுத்துப்போம்."

"வாயத் தொறந்து சரின்னு சொல்ல வேணாமா?"

"வேணாம்."

"அவ ரோஷக்காரி. அதான் கேட்டேன்."

அதன் பிறகு எதிர்முனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்று இடிக்கிற விசிறி. இன்னும் அதைச் சரிபண்ணவில்லை.

"நீ சொன்னது நல்லா வெளங்கிச்சு," என்றது குரல். "தொண்டை கட்டியிருக்கு. சுடுதண்ணி குடி."

போனை வைத்துவிட்டார்.

மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"வெளக்கினதெல்லாம் சரி. ஆனா பிறந்த தேதி கேக்கல, விலாசம் கேக்கல, பேரக்கூடக் கேக்கல. எடுத்த எடுப்புல கணக்கத் தெறந்துட்ட. கணக்கு அவங்களோடதுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வரி பிசகாதவள் முதல் வரியிலேயே பிசகியிருந்தாள்.

"எங்கம்மா சார்," என்றாள். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது.

வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, உன் காசு எனக்கு ஒரு பைசா வேண்டாம் என்று வாசலில் நின்று கத்தியதுதான் கடைசிப் பேச்சு. கார்டைத் திருப்பி வீச மட்டும் மனசு வரவில்லை. தன் போன் நம்பரை மாற்றவும் வரவில்லை.

மேற்பார்வையாளர் மதிப்பெண்ணைக் கழித்தார். விதி விதிதானே. கழித்துவிட்டு, கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

கீழே வந்தவள் டீக்கடையைத் தாண்டி மருந்துக் கடைக்குப் போனாள். தொண்டைக்கு மிட்டாய் கேட்டு வாங்கினாள். பர்ஸின் பின்னறையில் கீறல்கூடப் படாமல் கிடந்த கார்டை எடுத்து நீட்டினாள்.

"இந்த மிட்டாய்க்கா கார்டு? சில்லறை இல்லையாம்மா?" என்றார் கடைக்காரர்.

இல்லை என்றாள். பர்ஸ் நிறையச் சில்லறை இருந்தது.

இயந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சீட்டைத் தள்ளியது. பழக்கதோஷத்தில் பேனாவைத் தேடினாள். கையெழுத்தெல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள் என்று கடைக்காரர் சிரித்தார்.

யார் தேய்த்தாலும் கணக்குக்காரரின் போனுக்கு அந்த நொடியே தகவல் போய்விடும், எந்தக் கடை என்பதோடு சேர்த்து. தினமும் ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவளே அவள்தான்.

டீக்கடை என்று வந்தால் அம்மா சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்துவிடுவாள். மருந்துக் கடை என்று பார்த்தால் பதறிப்போவாள். வீம்பாவது ஒன்றாவது, உடனே போன் போட்டுவிடுவாள்.

அவள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி கடை வாசலிலேயே நின்றாள்.