இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஓடிப்போன கணவன் ஆறு வருடம் கழித்து எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போடுகிறவள் தையல்நாயகி. புகழ்பெற்ற நாவலின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எண்பது வருடமாக அவளுக்கு இதே வேலை. யார் படித்தாலும் எரித்தாக வேண்டும். "என்ன நெஞ்சுரம்! என்ன வைராக்கியம்!" என்று நாவலாசிரியரின் நூற்றாண்டு விழா மேடையில் பொன்னாடையும் கண்ணீருமாகத் தழுதழுத்த பேராசிரியர், மனைவிக்கு வரும் கடிதங்களைக்கூடத் தாமே பிரித்துப் படிப்பவர். தையல்நாயகியை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'சௌக்கியமா' என்றாவது அவன் எழுதியிருக்கிறானா என்று தெரிந்தால் அவளுக்குப் போதும்.

இன்று மதியம் அந்தப் பக்கத்துக்கு வந்த பொற்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பைத்தியக்காரி, படிச்சுட்டுப் போட்டா நெருப்பு வேணாம்னா சொல்லும்?"

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "பொற்கொடி, அடுப்புல பால் வெச்சியே, யாரு பாக்குறது?"

"தோ வரேன் அத்தை!" அடையாளத்துக்குத் தன் கொண்டை ஊசியைப் பக்கத்தில் செருகி, புத்தகத்தை மூடிவிட்டு ஓடினாள்.

கடிதம் நெருப்பைத் தொட இன்னும் இரண்டு வரி இருந்தது. தையல்நாயகி சுற்றுமுற்றும் பார்த்தாள். கொண்டை ஊசியை எடுத்து உறையின் ஓரத்தில் மெல்ல நுழைத்தாள். கடவுளே, அந்தப் பால் இப்போதைக்குப் பொங்கக் கூடாது.