இரண்டடி இடம்

இந்த முறை தையல்காரர் குளியலறைக்குள் வசமாக மாட்டிக்கொண்டார். கதவு உள்பக்கம் திறப்பது. அதைத் திறக்க அவர் பின்னால் நகர வேண்டும், பின்னால் நகர இடமில்லை. மனைவி வெளியே நின்று தள்ள, வாளிக்குள் ஒரு காலை விட்டு ஒருவழியாக வெளியே வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. சமையலறைப் பக்கத்துச் சுவரை இடித்து இரண்டடி எடுத்துக்கொள்வது.

மனைவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. இருக்கிற சமையலறையே நாலு பாத்திரத்தில் நிரம்பிவிடும். அதிலும் இரண்டடி போனால் அடுப்பை மடியில் வைத்துக்கொண்டுதான் சமைக்க வேண்டும். சுவரில் கை வைத்தால் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவனுக்கு அளவான ஒரு குளியலறை கிடையாதா என்று குதித்தார்.

சரிதான் என்று அவளே ஒரு கொத்தனாரைப் பிடித்து வந்தாள். வந்தவர் வெறும் அறையை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை.

"நீங்க உள்ள போய் நில்லுங்க சார். அப்பதான் அளவு சரியா வரும்."

தையல்காரர் உள்ளே போய் நின்றார். கொத்தனார் மேலும் கீழும் பார்த்தார். சுவரைத் தொடவே வேண்டாம், இரண்டே மாதத்தில் தாராளமாக்கித் தருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

ஒரே ஒரு நிபந்தனைதான். வீடு நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது, சுமக்க ஆளும் கிடைப்பதில்லை. தினமும் காலையில் மூன்று மணல் மூட்டையை வீட்டுக்காரரே மேலே ஏற்ற வேண்டும். மாலையில் மூன்று குப்பை மூட்டையை அவரே கீழே இறக்க வேண்டும்.

முதல் வாரம் மனிதர் படிக்குப் படி உட்கார்ந்து எழுந்தார். குப்பை மூட்டை ஏன் மணல் மூட்டை மாதிரியே கனக்கிறது என்று கேட்கக்கூட மூச்சில்லை. குளிப்பதற்கு வேறு கீழ்த்தளத்து வீட்டுக்கு இறங்கி ஏற வேண்டியிருந்தது.

சாப்பாட்டிலாவது ஆறுதல் உண்டா என்றால் அதுவும் இல்லை. வேலை நடக்கிற வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்தால் தூசி விழும் என்று மனைவி மூன்று வேளையும் வேகவைத்த காய்கறியையே தட்டில் போட்டாள். இரண்டடி இடத்தை நினைத்து அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

உள்ளே நாளெல்லாம் தட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கப் போனால், ஈரம் காயவில்லை என்று கொத்தனார் விரட்டினார். தையல்காரருக்கும் நின்று பேச நேரமில்லை, கடை காத்திருந்தது. அடுத்தவர் இடுப்பைக் கால் அங்குலம் பிசகாமல் அளக்கிற மனிதர், தனக்கு மட்டும் நாடா வைத்த காற்சட்டைதான் தைத்துக்கொள்வார். காலையில் இழுத்துக் கட்டினால் முடிந்தது வேலை.

இரண்டு மாதம் கழித்துக் கதவு திறந்தது. உள்ளே போனார். கையை இரண்டு பக்கமும் விரித்தார், எதுவும் இடிக்கவில்லை. குனிந்து சோப்பை எடுத்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைச் சாத்தித் திறந்து, மறுபடியும் சாத்தித் திறந்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தார். நீளம் ஆறடி, அகலம் நாலடி. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பழைய அதே நாலடிதான்.

"அளவு மாறவே இல்லையே மேஸ்திரி. அப்புறம் எப்படிப் பெருசாச்சு?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். கொத்தனார் அந்த டேப்பை வாங்கி, தையல்காரரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார்.

"இடம் இங்கேருந்துதாங்க எடுத்தது."