ஏழடி கூடுதல்

தொண்ணூற்றாறு மே மாத ஆலங்கட்டி மழையில், நாட்றாம்பாளையம் மலைமேல் இருந்த எங்கள் செயற்கைக்கோள் நிலையத்தின் ஆன்டெனா உடைந்து விழுந்தது. அதைத் தாங்கிய சிமென்ட் தூணில் ஒரு கீறல்கூட இல்லை. ஆன்டெனா வாங்கும் செயற்கைக்கோள் சிக்னலை வைத்து, அந்தத் தூணின் இடத்தையும் உயரத்தையும் மணிக்கொருமுறை கணக்கிட்டு அச்சடிப்பதுதான் நிலையத்தின் வேலை.

தூணைக் கட்டிய மேஸ்திரி சென்றாயன் அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். எந்தத் தூணைக் கட்டி முடித்தாலும் அதன் உச்சியில் ஏறி, ஒரு கையை நேராகத் தூக்கி நிற்பார். "ஆடுதா பாருங்க சார்" என்பார். எதுவும் ஆடியதில்லை.

புது ஆன்டெனாவோடு நான் ஓசூரிலிருந்து போய்ச் சேர மூன்று நாளானது. பழையது கேபிள் அறுந்து புல்லில் கிடந்தது. உள்ளே பிரின்டர் ஒரு மணியையும் விடாமல் எழுபத்திரண்டு வரிகள் அடித்திருந்தது. இடம் மில்லிமீட்டர் பிசகவில்லை. உயரம் மட்டும் ஒவ்வொரு வரியிலும் ஏழடி கூடுதல்.

புதியதை மாட்டிவிட்டு, நிலையத்தைப் பெருக்கும் நஞ்சம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சென்றாயனின் மனைவி.

"தூணு ஆடுச்சுங்களா சார்?"

"துளிகூட ஆடலைம்மா."

"அவரு கட்டுனது ஆடாதுங்க" என்று நிமிர்ந்து நின்றார். பிறகு தூணின் உச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதான் புதுசு மாட்டியாச்சே சார். கைய எறக்கச் சொல்லுங்க. மூணு நாளா தூக்கிட்டு நிக்கறாரு."