சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

கும்பிட்ட கையைப் பிரிக்க அவளுக்கு மனமே வரவில்லை.

தேங்காய் உடைத்தாகிவிட்டது. சூடம் காட்டியாகிவிட்டது. தையல் மெஷின்களும் கத்தரிக்கோல்களும் இஸ்திரிப் பெட்டிகளும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. எல்லோரும் பொரி வாங்க முற்றத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் தன் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணை மூடி நின்றாள்.

"இந்த அம்மணிக்கு என்னமா பக்தி பாருங்க," என்றார் முதலாளி, வெளியே போகிறபோது. அவருக்கு அவள் எப்போதும் அம்மணிதான்.

பக்தியெல்லாம் இல்லை. பயம்.

ஆயுதமெல்லாம் ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே காலையில் முதலாளி தம் கையாலேயே ஆபீஸ் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். அவள் ஐயோ என்பதற்குள் திரை கறுத்துவிட்டது. கரண்ட் போனால் தாங்குவதற்கு யூபிஎஸ் என்று ஒன்று மேஜைக்கடியில் இருக்கிறது. அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். வேலை செய்துதான் பல மாதமாகிறது.

போனது எக்செல் கோப்பு. ஏற்றுமதிக்குப் போகும் பனியன்கள் எந்தப் பெட்டியில், என்ன நிறம், என்ன அளவு, எத்தனை உருப்படி என்ற மொத்தப் பட்டியல். சேமிக்கவில்லை.

மறுபடி அடிக்கலாமென்றால் பெட்டிக் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டுகள் இல்லை. பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று யாரோ அவற்றைக் குப்பையோடு கொளுத்தியிருந்தார்கள்.

கண்டெய்னர் லாரி நாளை விடியற்காலை வருகிறது. பட்டியல் இல்லாமல் சரக்கு ஏறாது. பூஜையில் வைத்த கம்ப்யூட்டரைத் தொட நாளை பத்தரைக்குத்தான் நல்ல நேரம்.

பேக்கிங் சரோஜாக்கா பொரிப் பொட்டலத்தோடு வந்தாள். ஒட்டி அடுக்கிய பெட்டிகளைப் பிரித்து எண்ணலாமா என்று சரோஜாக்காவிடம் மெல்ல வாயெடுத்தாள்.

"பெட்டியப் பிரிக்கோணும்னு சொன்னீன்னா, டேப்ப உன்ற வாயில ஒட்டிப்போடுவேன்."

அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சரோஜாக்கா குரலைத் தணித்தாள். "வேற வழியே இல்லியா கண்ணு?"

இருந்தது. எக்செல் இடையிடையே தானாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். கரண்ட் போய் வந்தபின் திறந்தால் கொடுக்கும். சில சமயம் கொடுக்காமலும் கைவிரிக்கும்.

"அப்புறமென்ன, தெற. நான் வாசல்ல நிக்கறேன்."

அவள் மெயினைத் தூக்கினாள்.

பவர் பட்டன் மேலேயே அப்பியிருந்தார்கள் சந்தனத்தை. நடுவில் குங்குமம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அமுக்கினாள்.

விரல் சிவப்பாக வெளியே வந்தது.

பிறந்ததிலிருந்து எந்தச் சாமியிடமும் அவள் இப்படி உருகிக் கேட்டதில்லை.

திரையின் இடது ஓரத்தில் ஒரு கட்டம் வந்தது. மீட்கப்பட்ட கோப்பு.

தட்டினாள். முதல் பெட்டி வந்தது. நடுப் பெட்டிகள் வந்தன. கீழே இழுத்தாள், இழுத்தாள், கடைசிப் பெட்டியும் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. சேமித்தாள். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரமும் சேமித்தாள்.

வாசலில் சரோஜாக்கா இருமினாள். சளி பிடித்தவர்கள் இருமும் இருமல் இல்லை.

அவள் சுவரோரம் ஒதுங்குவதற்கும் முதலாளி பொரித் தட்டோடு நுழைவதற்கும் சரியாக இருந்தது. அவர் பின்னால் தையல் ஆட்கள்.

தம் கையால் மெயினை இறக்கிய அறை. பூமாலைக்குள்ளிருந்து திரை ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

தட்டு சாய்ந்தது. பொரி தரையெல்லாம் ஓடியது.

"சரஸ்வதி வந்துட்டா," என்றார் முதலாளி.

சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குள் பாதிப் பேர் தரையில் விழுந்திருந்தார்கள். விழுந்து கிடப்பவர்களிடம் எதை எப்படிச் சொல்வது?

"ஆரும் தொடப்படாது. இனி இது எங்கூட்டுச் சாமி ரூமுக்குப் போகோணும்."

பட்டியல் அதற்குள் இருந்தது. அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, ஒரே ஒருக்கா தொட்டுக் கும்பிட்டுக்கறனுங்க."

முதலாளி வழிவிட்டார்.

விசைப்பலகையை இரண்டு விரலால் பயபக்தியோடு தொட்டாள். கண்ட்ரோல், பி. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொரு தரம் தொட்டாள். என்டர்.

மறுமூலையில் பிரிண்டர் உறுமியது.

"அம்மா எழுதறா," என்று யாரோ அழுதார்கள்.

முதலாளி தாள்களை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். நெற்றியில் வைத்தார். பிறகு, என்ன இருந்தாலும் முதலாளி அல்லவா, மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். ஆர்டர் எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம்.

"ஒரு உருப்படி கூடத் தப்பில்ல. நம்ம ஆபீஸ்ல மனுசங்க போட்ட லிஸ்ட்டு ஒன்னாவது இப்படி இருந்திருக்குதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாக அந்த லிஸ்ட்டுகளைப் போடும் மனுசி அவள்தான்.

கடைசித் தாளின் அடியில், எப்போதும் போல, தன் பெயரை அடித்து வைத்திருந்தாள். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தயாரித்தவர், மேகலா."

நிமிர்ந்து அவளிடமே கேட்டார்.

"மேகலாங்கறது ஆரு அம்மணி?"

அவள் வாயைத் திறந்தாள்.

சரோஜாக்கா முந்திக்கொண்டாள். அவளையே பார்த்தபடி, படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதலாளியும் போட்டுக்கொண்டார்.