இரண்டு கடிதங்கள், ஒரு கையெழுத்து

ஆசிரியர் பதிவு மன்றத் தலைவி டோரீனின் மேஜையில், மாலை வெயில் விழுந்திருக்கும் இடத்தில், சிந்தியா டீச்சர் இரண்டு கடிதங்களை அருகருகே விரித்து வைக்கிறார். ஒன்று, அவருடைய மகன் இறந்ததற்கு மன்றம் அனுப்பிய இரங்கல் கடிதம். மற்றது, மகன் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு மாதமும் சொல்லாமல் பள்ளிக்கு வராததால் அவருடைய ஆசிரியர் பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்கும் நோட்டீஸ். இரண்டிலும் ஒரே தேதி. இரண்டிலும் டோரீனின் கையெழுத்து. வெளியே மெட்ரோ கடக்கையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்குகிறது. டோரீன் நோட்டீஸை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "தினம் கட்டுக் கட்டா ஃபைல் வருது சிந்தியா. படிக்காமயே சைன் போட்டுட்டேன்." சிந்தியா, வருகைப் பதிவேட்டில் பெயர் தேடுவதைப் போல, இரங்கல் கடிதத்தின்மேல் விரலை ஓட்டி மகனின் பெயரில் நிறுத்துகிறார். "இதையுமா மேடம்?"